விண்டோஸ் கணினியில் லினக்ஸ் எஸ்டிஆர் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டிஆர் எனப்படும் மென்பொருள் வானொலியில், ஆண்டெனா பிடித்த அலையை ஒரு சின்ன டாங்கிள் 'மாதிரிகள்' எனப்படும் எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியே கணினிக்குத் தள்ளிவிடும். வடிகட்டுவது, பிரிப்பது, ஒலியாக்குவது எல்லாம் அதற்குப் பிறகு மென்பொருளின் பொறுப்பு. இந்தத் துறையின் முக்கியமான கருவிகள் பலவும் லினக்ஸுக்காக எழுதப்பட்டவை. பலருடைய மேசையில் இருப்பதோ விண்டோஸ். இரண்டையும் சேர்க்கப் போகும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளை நிறுவுவது இதில் எளிய பகுதி. டாங்கிளிலிருந்து மென்பொருள் வரை மாதிரிகள் எந்தப் பாதையில் போய்ச் சேர்கின்றன என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பலவும் அந்தப் பாதையைப் பற்றியவையே.

விண்டோஸுக்கே நிறைய எஸ்டிஆர் மென்பொருள் இருக்கிறதே, லினக்ஸ் எதற்கு?

பண்பலை கேட்க, விமான ஒலிபரப்பைக் கேட்க, சமிக்ஞைகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் நீர்வீழ்ச்சிப் படத்தைப் பார்த்துக்கொண்டு அலைவரிசைகளில் உலாவ மட்டும் என்றால் லினக்ஸ் தேவையே இல்லை. எஸ்டிஆர் ஷார்ப், எஸ்டிஆர் பிளஸ் பிளஸ், எஸ்டிஆர் ஏஞ்சல் இவற்றில் ஏதாவது ஒன்று விண்டோஸில் நேராக ஓடும்; நன்றாகவும் ஓடும். செயற்கைக்கோள் படங்களுக்கான சாட்டம்ப் கருவிக்கும் விண்டோஸ் பதிப்பு உண்டு.

லினக்ஸ் தேவைப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் குழாய் போட்டு அனுப்பி, இரவெல்லாம் தானாக ஓடும்படி ஒரு சங்கிலி அமைக்க வேண்டும் என்று வையுங்கள். டாங்கிளிலிருந்து ஒலியை எடுக்கும் ஆர்டிஎல்-எஃப்எம் நிரல் கொடுப்பதை மல்டிமான்-என்ஜி என்ற நிரல் வாங்கிப் பாக்கெட்டுகளாகப் பிரிக்க வேண்டும்; அதை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுத வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் இது ஒரே வரி. அதேபோல், கட்டங்களை இணைத்து வானொலியை அமைக்கும் க்னூ ரேடியோ என்ற கருவிக்கு வெளியார் எழுதும் கூடுதல் தொகுதிகள் பெரும்பாலும் மூலநிரலாகவே கிடைக்கும். அவற்றை எழுதியவர் லினக்ஸில் மட்டும் சோதித்திருப்பார். விண்டோஸில் அவற்றைத் தொகுக்க (கம்பைல் செய்ய) முயல்வது நேரத்தைத் தின்றுவிடும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

ஐந்து. லினக்ஸ் கருவியின் விண்டோஸ் பதிப்பைத் தேடி நிறுவுவது ஒன்று. விண்டோஸுக்குள்ளேயே வரும் டபிள்யூஎஸ்எல் என்ற லினக்ஸ் துணை அமைப்பு இரண்டாவது. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்ற மெய்நிகர் கணினி மூன்றாவது. பென்டிரைவில் லினக்ஸை எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்குவது நான்காவது. டாங்கிள் ஒரு பக்கம், மென்பொருள் இன்னொரு பக்கம் என்று பிரித்து, நடுவில் நெட்வொர்க் வழியே மாதிரிகளை அனுப்புவது ஐந்தாவது.

கடைசி வழியைப் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண ஆர்டிஎல் டாங்கிள் (ஆர்டிஎல் சிப் கொண்ட மலிவு வகை) வைத்திருப்பவர்களுக்கு அதுதான் தலைவலி குறைந்த வழி என்பது என் கருத்து. அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை முதலில் முயல்வது?

முதலில் விண்டோஸிலேயே ஒரு எளிய மென்பொருளை நிறுவி, டாங்கிளும் ஆண்டெனாவும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். உள்ளூர்ப் பண்பலை நிலையம் ஒன்று தெளிவாகக் கேட்டால் போதும். வன்பொருள் சரி என்று இப்போது உறுதி. இதைச் செய்யாமல் நேராக லினக்ஸுக்குள் போனால், சத்தம் வராதபோது பழுது ஆண்டெனாவிலா, டிரைவரிலா, யூஎஸ்பி இணைப்பிலா, மென்பொருளிலா என்று தெரியாமல் நான்கு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் டபிள்யூஎஸ்எல்.

டபிள்யூஎஸ்எல் 1, 2 என்று இரண்டு இருக்கின்றனவே, எது வேண்டும்?

இரண்டு. முதல் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கர்னல் கிடையாது. லினக்ஸ் நிரல்களின் அழைப்புகளை விண்டோஸ் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தரும் ஏற்பாடு மட்டுமே. அதில் யூஎஸ்பி சாதனங்களை நேராகத் தொட முடியாது. 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டபிள்யூஎஸ்எல் 2, ஒரு மெல்லிய மெய்நிகர் கணினிக்குள் முழு லினக்ஸ் கர்னலை ஓட்டுகிறது.

நிறுவ, நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து டபிள்யூஎஸ்எல் கட்டளையை 'இன்ஸ்டால்' விருப்பத்தோடு கொடுத்தால் போதும்; உபுண்டு தானாக இறங்கும். பழைய நிறுவல் என்றால் 'அப்டேட்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். இன்றைய பதிப்பில் வரைகலை நிரல்களும் ஓடும். ஜிகியூஆர்எக்ஸ் என்ற வானொலி கேட்கும் நிரலின் சன்னலும், க்னூ ரேடியோவின் வரைகலை முகமான கம்பானியன் சன்னலும் மற்ற விண்டோஸ் சன்னல்களைப் போலவே திறக்கும்; தனியாக எக்ஸ் சர்வர் எதுவும் போட வேண்டியதில்லை.

டாங்கிளைச் செருகினேன். விண்டோஸுக்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரியவில்லை. ஏன்?

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெய்நிகர் கணினி. அதற்கு யூஎஸ்பி துளை எதுவும் சொந்தமாகக் கிடையாது. நீங்கள் செருகும் எல்லாமே விண்டோஸின் கைக்குத்தான் போகும். அங்கிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோக 'யூஎஸ்பிஐபிடி-வின்' என்ற திறமூல நிரல் வேண்டும். யூஎஸ்பி பரிமாற்றங்களை நெட்வொர்க் பாக்கெட்டுகளாகக் கட்டி, 3240 என்ற டிசிபி போர்ட் வழியே லினக்ஸுக்கு அனுப்புவது இதன் வேலை.

அதை விண்டோஸில் நிறுவிய பிறகு மூன்று படிகள். 'லிஸ்ட்' என்ற துணைக் கட்டளை, செருகியிருக்கும் சாதனங்களையும் ஒவ்வொன்றின் பஸ் எண்ணையும் காட்டும். பஸ் எண் 2-3 என்பது போல இருக்கும். ஆர்டிஎல் டாங்கிளின் அடையாள எண் பெரும்பாலும் 2838 என்று முடியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அடுத்து 'பைண்ட்'. இந்தச் சாதனத்தைப் பகிரலாம் என்று விண்டோஸுக்குச் சொல்லும் படி இது. நிர்வாகி உரிமை வேண்டும். ஆனால் ஒருமுறை செய்தால் போதும், கணினியை அணைத்துப் போட்டாலும் நினைவில் இருக்கும். கடைசியாக 'அட்டாச்'. இதில் 'டபிள்யூஎஸ்எல்' என்ற விருப்பத்தையும் பஸ் எண்ணையும் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு லினக்ஸ் டெர்மினல் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இணைக்க எதிர்ப்பக்கம் ஆளே இருக்காது.

இப்போது லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்துப் பாருங்கள், டாங்கிள் பட்டியலில் வந்திருக்கும்.

பலர் தவறவிடுவது: 'அட்டாச்' நிரந்தரமானதல்ல. டாங்கிளைக் கழற்றி மாட்டினாலோ, டபிள்யூஎஸ்எல் நின்று மறுபடி தொடங்கினாலோ, மறுபடியும் கொடுக்க வேண்டும். வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் பஸ் எண்ணும் மாறிவிடும். 'ஆட்டோ-அட்டாச்' விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், அந்தப் பவர்ஷெல் சன்னல் திறந்திருக்கும் வரை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே துளையை டாங்கிளுக்கென்று ஒதுக்கிவிடுவதும் நல்லது.

அப்படியென்றால் ஸாடிக் வேண்டுமா, வேண்டாமா?

ஸாடிக் விண்டோஸ் பக்கத்து மென்பொருளுக்கு மட்டும். ஆர்டிஎல் டாங்கிள் முதலில் தொலைக்காட்சி பார்க்கச் செய்யப்பட்டது. அதற்கு விண்டோஸ் டிவி டிரைவரைப் போட்டுவிடும். ஸாடிக் அதை எடுத்துவிட்டு வின்யூஎஸ்பி என்ற பொது டிரைவரை வைக்கிறது. எஸ்டிஆர் ஷார்ப் போன்றவற்றுக்கு இது கட்டாயம். டபிள்யூஎஸ்எல்-க்குள் அனுப்பும்போது யூஎஸ்பிஐபிடி-வின் தன் ஏற்பாட்டையே பயன்படுத்துவதால் ஸாடிக் அவசியமில்லை. முன்பே ஸாடிக் ஓட்டியிருந்தால் பாதகமும் இல்லை.

ஸாடிக்கில் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்று தெரிவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் விசைப்பலகையும் மவுஸும்கூட இருக்கும். தவறி அவற்றின் டிரைவரை மாற்றிவிட்டால் அவை செயலிழக்கும். பொத்தானை அழுத்தும் முன் பெயரை இரண்டாம் முறை படியுங்கள்.

'அட்டாச்' ஆகிவிட்டது. ஆனால் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரு எதிர்ம எண்ணோடு பிழை வருகிறது.

அந்த எண்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல துப்பு. அது, யூஎஸ்பி சாதனங்களோடு பேசும் லிப்யூஎஸ்பி நூலகம் தரும் குறியீடு.

−3 என்றால் அனுமதி இல்லை. சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால், சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகள் இல்லை என்று பொருள். ஆர்டிஎல் தொகுப்போடு வரும் விதிக் கோப்பை அதன் இடத்தில் வைத்து, யூடெவ்வை மறுபடி தொடங்கி, டாங்கிளை விடுவித்து மீண்டும் இணைக்க வேண்டும். டபிள்யூஎஸ்எல்-இல் யூடெவ் ஒழுங்காக ஓட, பின்னணிச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இயங்கியிருப்பது நல்லது. எப்போதும் சூடோவிலேயே ஓட்டும் பழக்கத்தைத் தவிருங்கள். பதிவுக் கோப்புகளெல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் போய்ச் சேர்ந்து, பிறகு அவற்றை அழிக்கக்கூட அனுமதி கேட்கும்.

−6 என்றால் வேறு யாரோ சாதனத்தைப் பிடித்திருக்கிறார்கள். மூடிவிட்டோம் என்று நினைத்த ஜிகியூஆர்எக்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். மெய்நிகர் கணினியிலோ பென்டிரைவ் லினக்ஸிலோ இதே எண் வந்தால், கர்னலின் தொலைக்காட்சி டிரைவர் முந்திக்கொண்டு பிடித்திருக்கும். பெயரில் '28எக்ஸ்எக்ஸ்யூ' என்று முடியும் அந்த டிவிபி மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

−12 பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்தில் வரும். ஸாடிக் ஓட்டவில்லை என்று அர்த்தம். −4, −5 என்றால் சாதனம் இல்லை, கிடைக்கவில்லை. கேபிளையும் 'அட்டாச்' நிலையையும் பாருங்கள்.

சாதனம் திறக்கிறது, நீர்வீழ்ச்சிப் படமும் வருகிறது. ஆனால் நிலையமே இல்லை, வெறும் இரைச்சல்.

டாங்கிளின் பதிப்பைப் பாருங்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் நான்காம் பதிப்பு, பழைய ஆர்820டி2 டியூனருக்குப் பதிலாக ஆர்828டி டியூனரைப் பயன்படுத்துகிறது. அதற்கேற்ற டிரைவர் வேண்டும். பழைய நூலகம் அந்தச் சாதனத்தைத் திறந்துவிடும். ஆனால் சரியாக டியூன் செய்யாது. பிழைச் செய்தி எதுவும் வராததால் ஆண்டெனாவைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள்.

புதிய டிரைவரைத் தொகுத்து நிறுவியும் சரியாகவில்லை என்றால், உபுண்டுத் தொகுப்பில் வந்த பழைய நூலகம் இன்னும் அங்கேயே இருந்து, நிரல் அதையே எடுத்துக்கொண்டிருக்கும். முதலில் பழையதை முழுவதும் நீக்கிவிட்டு, அதன் கோப்புகள் எங்காவது மிச்சமிருக்கின்றனவா என்று தேடிப் பார்த்து, அப்புறம் புதியதை நிறுவுங்கள். இந்த வரிசை முக்கியம்.

நிலையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தெரிகிறதே?

டாங்கிளுக்குள் இருக்கும் படிகத்தின் பிசகு. மலிவு டாங்கிள்களில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை தள்ளியிருப்பது சாதாரணம். 100 மெகாஹெர்ட்ஸில் அது 5 கிலோஹெர்ட்ஸ்தான், காதுக்கே தெரியாமல் போகலாம். 1090 மெகாஹெர்ட்ஸில் அதே பிசகு சுமார் 54 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். எல்லா மென்பொருளிலும் பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) திருத்தம் என்று ஒரு இடம் இருக்கும், அதில் சரிசெய்யுங்கள். டாங்கிள் சூடாகும்போது பிசகு நகரும் என்பதால், செருகிச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிறகு அளவிடுங்கள்.

சத்தம் திக்கித் திக்கி வருகிறது. கணினி வேகமானதுதான், என்ன குறை?

எஸ்டிஆர் மாதிரிகள் காத்திருக்காது. கோப்பை நகலெடுக்கும்போது அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. டாங்கிளோ அந்த அரை நொடியிலும் மாதிரிகளை அனுப்பிக்கொண்டேயிருக்கும். வாங்க ஆள் இல்லையென்றால் அவை தொலைந்தவைதான். ஆகவே சராசரி வேகத்தைவிட, நடுவில் தடை இல்லாமல் ஓடுவதுதான் முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். ஆர்டிஎல் டாங்கிள் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு பைட் தருகிறது; மாதிரியின் இரு கூறுகளான ஐ-க்கு ஒன்று, கியூ-வுக்கு ஒன்று. நொடிக்கு 24 லட்சம் மாதிரி என்றால் 4.8 மெகாபைட். யூஎஸ்பி 2-க்கு இது பெரிய சுமையே இல்லை. ஆனால் யூஎஸ்பி பரிமாற்றம் ஒவ்வொன்றும் பாக்கெட்டாகக் கட்டப்பட்டு, மெய்நிகர் நெட்வொர்க் வழியே போய், மறுபடி அவிழ்க்கப்படும்போது, நடுநடுவே சின்னச் சின்னத் தாமதங்கள் நுழைகின்றன.

எனவே முதல் மருந்து, மாதிரி வீதத்தைக் குறைப்பது. ஒரு பண்பலை நிலையத்துக்குச் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். அதற்கு நொடிக்கு 24 லட்சம் மாதிரி எடுப்பது வீண். 2.5 லட்சம் போதும். சுமை அரை மெகாபைட்டாக இறங்கிவிடும். ஆர்டிஎல் சிப் எல்லா வீதத்தையும் ஏற்காது என்பதைக் கவனியுங்கள். 225 ஆயிரத்துக்கு மேல் 300 ஆயிரம் வரை, அல்லது 9 லட்சத்துக்கு மேல் 32 லட்சம் வரை மட்டுமே. நடுவில் உள்ளதைக் கொடுத்தால் மறுத்துவிடும். 32 லட்சம் என்பது ஏட்டளவில்தான். இழப்பில்லாமல் நம்பி ஓட்ட 24 லட்சத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை எப்படி இருக்கிறது என்று சோதிக்க ஆர்டிஎல்-டெஸ்ட் என்ற சிறு நிரல் இருக்கிறது. வேறு எதையும் திறக்காமல் அதைச் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு, எத்தனை பைட் தொலைந்தது என்று பாருங்கள். தொடக்கத்தில் ஓரிரு முறை தொலைவது இயல்பு. தொடர்ந்து தொலைந்துகொண்டே இருந்தால் யூஎஸ்பி பாதையில் கோளாறு. ஒன்றுமே தொலையவில்லை, ஆனாலும் ஒலி திக்குகிறது என்றால் கோளாறு ஒலிப் பக்கத்தில்.

க்னூ ரேடியோ டெர்மினலில் 'ஓ', 'யூ' என்று எழுத்துகள் கொட்டுகின்றனவே?

'ஓ' என்றால் டாங்கிள் தந்த மாதிரிகளை நிரல் நேரத்துக்கு வாங்கவில்லை. 'யூ' என்றால் வெளியீட்டுச் சாதனம் கேட்டபோது கொடுக்க மாதிரி இல்லை; அந்தச் சாதனம் ஒலி அட்டை என்றால் அது 'ஏயூ' என்று வரும். முதலாவதுக்கு வீதத்தைக் குறையுங்கள், கணக்குச் சுமையைக் குறையுங்கள். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் நீங்கள் கட்டங்களை இணைத்து வரைந்த பாய்வு வரைபடத்தின் கணக்கில்தான் தவறு இருக்கும்.

எடுத்துக்காட்டாக, மூலம் 24 லட்சம் என்று வைத்தால், வடிகட்டியில் 10-ஆல் குறைத்து 2.4 லட்சம், பண்பலைப் பிரிப்பியில் 5-ஆல் குறைத்து 48 ஆயிரம், ஒலி வெளியீடு 48 ஆயிரம். இந்தச் சங்கிலி சரியாக வகுபட வேண்டும். ஒலி வெளியீட்டில் 44,100 என்று விட்டுவைத்தால் மாதிரிகள் தேங்கும். வேறு எங்கோ வீதம் குறைந்துபோயிருந்தால் 'ஏயூ' ஓயாது. இன்னொன்று: வன்பொருள் மூலம் இருக்கும் வரைபடத்தில் 'த்ராட்டில்' கட்டம் இருக்கவே கூடாது. அது வன்பொருள் இல்லாமல் போலிச் சமிக்ஞையோடு விளையாடும்போது மட்டும் தேவை. டாங்கிளே வேகத்தைத் தீர்மானிக்கும்போது இன்னொரு வேகக் கட்டுப்பாடு சண்டைக்குத்தான் வழி.

டபிள்யூஎஸ்எல்-இல் ஒலியே வரவில்லை.

அங்கே ஒலி அட்டை என்று எதுவும் இல்லை. ஒலி, பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை வழியாக விண்டோஸுக்குப் போகிறது. ஒலி அட்டையோடு பேசும் லினக்ஸ் ஏற்பாடான ஆல்ஸாவை எதிர்பார்க்கும் நிரல்கள் அதைப் பார்க்காமல் திணறும். க்னூ ரேடியோவின் ஒலி வெளியீடு அப்படிப்பட்டதுதான். ஆல்ஸாவுக்கான பல்ஸ் செருகு தொகுப்பை நிறுவி, ஒலிக் கட்டத்தில் சாதனத்தின் பெயராகப் 'பல்ஸ்' என்று எழுதுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாமதம் கொஞ்சம் இருக்கும், கேட்பதற்குப் பாதகமில்லை.

நெட்வொர்க் வழியே பிரித்து ஓட்டுவது எப்படி?

விண்டோஸில் டாங்கிளுக்கு ஸாடிக் ஓட்டி, ஆர்டிஎல்-டிசிபி என்ற சின்ன நிரலின் விண்டோஸ் பதிப்பைத் தொடங்குங்கள். டாங்கிளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, 1234 என்ற போர்ட்டில் மாதிரிகளை விநியோகிப்பது மட்டுமே அதன் வேலை. லினக்ஸ் பக்கத்தில் ஜிகியூஆர்எக்ஸோ க்னூ ரேடியோவில் டாங்கிளைப் படிக்கும் 'ஆஸ்மோகாம் மூலம்' என்ற கட்டமோ, 'ஆர்டிஎல்-டிசிபி' என்ற வகையையும் முகவரியையும் கொடுத்தால் இணைந்துவிடும். அலைவரிசை மாற்றம், கெயின் மாற்றம் எல்லாம் அதே இணைப்பில் திரும்பிப் போகும்.

இதில் யூஎஸ்பி பேச்சுவார்த்தை முழுவதும் விண்டோஸ் டிரைவரோடு நேரடியாக நடந்து முடிந்துவிடுகிறது. நடுவில் போவது வெறும் எண் ஓட்டம். இருபுறமும் போதுமான இடைச்சேமிப்பு இருப்பதால் சின்னத் தாமதங்கள் தெரியாமல் போய்விடும். 'அட்டாச்', யூடெவ் விதி, அனுமதி எண் எதுவும் இங்கே வேண்டாம். டபிள்யூஎஸ்எல் 1-இல்கூட இது வேலை செய்யும்.

தடுமாறும் இடம் முகவரி. ஆர்டிஎல்-டிசிபி இயல்பாக 127.0.0.1-இல் மட்டுமே காது கொடுக்கும். டபிள்யூஎஸ்எல் 2 வேறு முகவரியிலிருந்து வருவதால், ஆர்டிஎல்-டிசிபியைத் தொடங்கும்போதே 0.0.0.0 என்ற முகவரியைக் கொடுக்க வேண்டும். லினக்ஸிலிருந்து பார்க்கும்போது விண்டோஸின் முகவரி என்பது அங்கே இயல்பு கேட்வேயாகத் தெரியும் எண். விண்டோஸ் 11-இன் 22எச்2 முதல், டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பில் நெட்வொர்க்கை 'மிரர்ட்' என்று மாற்றலாம். அப்போது இருபுறமும் 127.0.0.1 போதும். இணைப்பு அப்படியே தொங்கி நின்றால் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள்.

இதே முறையில் டாங்கிளைக் கூரைக்கு அருகே ஒரு ராஸ்பெரி பையில் மாட்டிவிட்டு, மேசையிலிருந்தும் ஓட்டலாம். ஆண்டெனா கேபிளின் நீளம் குறைவது பெரிய லாபம். 24 லட்சம் மாதிரிக்கு நொடிக்கு 38.4 மெகாபிட் ஓட வேண்டும் என்பதால் வைஃபையை நம்பாமல் ஈதர்நெட் கேபிள் இழுங்கள். ஆர்டிஎல்-டிசிபியில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது; அதை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

ஆர்டிஎல் அல்லாத மற்ற கருவிகளுக்கு?

புளூட்டோ என்ற எஸ்டிஆர் கருவி இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். அதற்குள்ளேயே லினக்ஸ் ஓடுகிறது. யூஎஸ்பியில் செருகியதும் ஒரு நெட்வொர்க் சாதனமாக 192.168.2.1 என்ற முகவரியில் வந்து நிற்கும். விண்டோஸில் அதன் டிரைவரை நிறுவிவிட்டால், டபிள்யூஎஸ்எல்-இலிருந்து அந்த முகவரியைக் கொடுத்தே இணைக்கலாம்.

ஹேக்ஆர்எஃப் என்ற கருவி நொடிக்கு 2 கோடி மாதிரி வரை தரும். அதாவது 40 மெகாபைட், யூஎஸ்பி 2-இன் கழுத்தளவு. டபிள்யூஎஸ்எல்-க்குள் முழு வீதத்தை எதிர்பார்க்காதீர்கள். குறைந்த வீதங்களில் ஓட்டலாம்.

யூஎஸ்ஆர்பி பி200, பி210 என்ற விலையுயர்ந்த எஸ்டிஆர் கருவிகளில் வேறு சிக்கல். இணைத்ததும் கணினி அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்றும், உடனே சாதனம் தன்னைத் துண்டித்துக்கொண்டு புதிதாகச் செருகியதுபோல் வரும். அந்த நொடியில் 'அட்டாச்' அறுந்துவிடும், மெய்நிகர் கணினி என்றால், சாதனத்தை அதற்குள் அனுப்பும் யூஎஸ்பி வடிகட்டி தவறவிடும். 'ஆட்டோ-அட்டாச்' உதவும். ஆனால் இவ்வளவு விலையுள்ள, யூஎஸ்பி 3 வேகத்துக்காகவே வாங்கிய கருவியை இப்படி ஓட்டுவதைவிட, விண்டோஸில் நேராகவோ முழு லினக்ஸிலோ ஓட்டுவதே அதற்குச் செய்யும் நியாயம்.

விர்ச்சுவல்பாக்ஸ் போதாதா?

ஓரளவுக்குப் போதும். யூஎஸ்பி வடிகட்டியில் டாங்கிளைச் சேர்த்து, கட்டுப்படுத்தியை யூஎஸ்பி 2 அல்லது 3 என்று மாற்றுங்கள், 1.1-இல் விட்டால் ஓடாது. 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தனியாக நிறுவ வேண்டும். முழு லினக்ஸ் மேசைத்தளம் வேண்டும், எதையாவது கெடுத்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி. மாதிரி இழப்பு விஷயத்தில் டபிள்யூஎஸ்எல்-ஐவிட மேல் என்று சொல்ல மாட்டேன்.

க்னூ ரேடியோவை விண்டோஸிலேயே நிறுவலாமா?

தாராளமாக. ரேடியோகோண்டா என்ற நிறுவி க்னூ ரேடியோவையும், பல கருவிகளுக்கான டிரைவர் நூலகங்களையும், ஜிகியூஆர்எக்ஸையும் ஒரே கட்டாகத் தருகிறது. அதில் இருக்கும் தொகுதிகளே உங்களுக்குப் போதும் என்றால் டபிள்யூஎஸ்எல் பக்கமே போக வேண்டாம். 433 மெகாஹெர்ட்ஸ் வெப்பமானிகளைப் படிக்கும் ஆர்டிஎல்-433 கருவிக்கும் விண்டோஸ் பதிப்பு உண்டு.

பழைய க்னூ ரேடியோ தொகுதி ஒன்று தொகுக்க மறுக்கிறது. என்ன செய்வது?

க்னூ ரேடியோ 3.7, 3.8, 3.10 இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. 3.7-க்கு எழுதியது பைத்தான் 2-ஐ நம்பியிருக்கும், 3.8-க்கு எழுதியது 3.10-இல் இணைப்புக் கோப்புகள் மாறியதால் உடையும். நிரலைத் திருத்த முயலும் முன், அதற்கேற்ற உபுண்டுவை எடுங்கள். உபுண்டு 18.04-இல் 3.7, 20.04-இல் 3.8, 22.04-இலும் 24.04-இலும் 3.10.

டபிள்யூஎஸ்எல் உண்மையிலேயே மின்னும் இடம் இது. பல உபுண்டுகளை ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது, வேண்டாததை ஒரே கட்டளையில் நீக்கலாம். தனிக் கணினியில் முழு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக்கூட இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

தொகுக்கும்போது நடுவில் 'கில்டு' என்று நின்றால் நினைவகம் தீர்ந்துவிட்டது. டபிள்யூஎஸ்எல் இயல்பாகக் கணினியின் நினைவகத்தில் பாதியைத்தான் எடுக்கும். ஒரே நேரத்தில் ஓடும் தொகுப்பு வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது அமைப்புக் கோப்பில் நினைவக வரம்பை உயர்த்துங்கள்.

பதிவுக் கோப்புகளை எங்கே வைப்பது?

லினக்ஸின் சொந்த அடைவில். விண்டோஸின் சி டிரைவ் லினக்ஸுக்குள்ளும் தெரியும், ஆனால் அங்கே எழுதுவது மெதுவாக இருக்கும். பதிவில் ஓட்டைகள் விழும். முதலில் உள்ளே பதிவு செய்துவிட்டு, முடிந்ததும் நகர்த்துங்கள்.

அளவையும் யோசியுங்கள். 24 லட்சம் வீதத்தில் 8 பிட் மாதிரிகளாக எழுதினால் மணிக்குச் சுமார் 17 ஜிபி. க்னூ ரேடியோவின் கோப்பு வெளியீட்டில் மிதவை எண்களாக அப்படியே எழுதினால் அதன் நான்கு மடங்கு, 69 ஜிபி. டபிள்யூஎஸ்எல்-இன் மெய்நிகர் வட்டுக் கோப்பு வளரும், ஆனால் உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. தனியாகச் சுருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் கடக்கும் நேரம் தப்பாக வருகிறது. கடிகாரமா?

பெரும்பாலும் அதுவே. மடிக்கணினியை உறங்க வைத்து எழுப்பினால் டபிள்யூஎஸ்எல்-இன் கடிகாரம் பின்தங்கி நிற்பதுண்டு. அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளில் ஓரிரு நொடி பிசகினாலே எதுவும் பிரியாது. டேட் கட்டளையைக் கொடுத்து விண்டோஸ் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பின்தங்கியிருந்தால் வன்பொருள் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது டபிள்யூஎஸ்எல்-ஐ 'ஷட்டவுன்' செய்து மறுபடி திறக்கலாம்.

பென்டிரைவ் லினக்ஸ் எப்போது நல்லது?

யூஎஸ்பி பாதையில் இடைத்தரகர் யாருமே வேண்டாம் என்னும்போது. டிராகன்ஓஎஸ் போன்றவற்றில் எஸ்டிஆர் கருவிகள் முன்கூட்டியே நிறுவப்பட்டு வருகின்றன. யூஎஸ்பி 3 பென்டிரைவாக எடுங்கள், மாற்றங்கள் நினைவில் நிற்கும்படி நிலைச்சேமிப்போடு எழுதுங்கள். டாங்கிளையும் பென்டிரைவையும் தள்ளித் தள்ளிச் செருகுங்கள், முடிந்தால் டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் வையுங்கள்; யூஎஸ்பி 3 துளைகள் வானொலி இரைச்சலை உமிழும்.

ஒரு எச்சரிக்கை. பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்காக பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால், விண்டோஸ் வட்டு பிட்லாக்கரில் பூட்டியிருக்கும்பட்சத்தில் அடுத்த முறை மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் பயாஸ் அமைப்பைத் தொடாதீர்கள்.

ஹேக்ஆர்எஃப், புளூட்டோ இவற்றால் ஒலிபரப்பவும் முடியுமே. செய்யலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. இவற்றின் வெளியீட்டில் நல்ல வடிகட்டி இருக்காது; நீங்கள் குறித்த அலைவரிசையின் மடங்குகளிலும் சேர்த்தே கசியும், அங்கே விமானச் சேவையோ அவசரச் சேவையோ இருக்கலாம். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஆண்டெனாவை எடுத்துவிட்டு, சமிக்ஞையைத் தணிக்கும் அட்டெனுவேட்டரைப் போதுமான அளவு வைத்து, கேபிள் வழியே ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். அட்டெனுவேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் வாங்கும் கருவியின் முன்முனை எரிந்துபோகலாம். கேட்பதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. எதைக் கேட்கலாம், கேட்டதை எடுத்துச் சொல்லலாமா என்பதை உங்கள் நாட்டு விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு லினக்ஸுக்கே மாறிவிட வேண்டிய நேரம் எது?

வேலை நாள் முழுக்க, ஆள் பார்க்காமல் ஓட வேண்டும் என்றால். விண்டோஸ் புதுப்பித்துக்கொண்டு தானாக மறுதொடக்கம் ஆகும்; ஆனதும் 'அட்டாச்' போயிருக்கும், உங்கள் பதிவு பாதியில் நின்றிருக்கும். விமானங்களின் 1090 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைத் தொடர்ந்து சேகரிப்பது, வானிலைச் செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் படம் எடுப்பது போன்றவற்றுக்கு ஒரு பழைய மடிக்கணினியையோ ராஸ்பெரி பையையோ லினக்ஸுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸ் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே அதில் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் வீதம்: நொடிக்கு ஒரு கோடி மாதிரிக்கு மேல் தொடர்ந்து வேண்டும் என்றால் மெய்நிகர் பாதைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்த இரண்டும் இல்லையென்றால் இப்போது இருக்கும் விண்டோஸ் கணினியே போதும்.